ஏழு தண்ணி

சுந்தர்ராஜ் முதலாளிக்குத் தேனி பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. ஆண்டிபட்டிக்கு மேற்கே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சரளைக்காட்டை வாங்கி வீடு கட்டினார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து பார்த்த ஒருவன், இந்த இடத்தில் தண்ணீர் கொப்பளிக்கும் என்று சொல்லியிருக்கிறான். வெட்டினோம். பாறைதான் வந்தது. அந்தக் கிணற்றில் கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். வேலை நின்றதும் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் தோட்டத்துக்கென்று வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை. நானும் என் மனைவி மலையம்மாளும் அதில் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முதலில் ரோஜா வைத்தார். செத்தது. மல்லிகை வைத்தார். அதுவும் செத்தது. பஜாரில் அவரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, தோட்டத்துல இன்னைக்கு என்ன பூத்துச்சு?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவருக்கு அது தாங்கவில்லை. தண்ணீரே கேட்காத தோட்டம் போட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். கூழாங்கல் லாரியில் வந்தது. கள்ளி வகையாக வந்தது, முள்ளம்பன்றி சுருண்ட மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒன்று. கடைசியாகப் பெங்களூர் போய், ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அதுவும் கத்தாழைதான். ஆனால் நாங்கள் பார்த்த கத்தாழை இல்லை. இலை சாம்பல் பூத்த நீலம். அதன்மேல் நாவல்பழச் சாறு தெறித்த மாதிரிப் புள்ளிகள். ஓரத்தில் முள் கிடையாது. நுனியில் மட்டும் ஒரு ஊசி, அதுவும் விரலை வைத்தால் வளைகிற ஊசி. இலை நன்றாகத் தடித்து, வெயிலிலும் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். இரண்டு சாதிக் கத்தாழையைச் சேர்த்து உண்டாக்கியது, இதற்கு விதை கிடையாது, குட்டி வைத்தால்தான் உண்டு என்றார் முதலாளி. தொட்டியில் ஒரு தகட்டில் பேர் எழுதியிருந்தது. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது இங்கிலீஷ். நாங்கள் பெங்களூர்க் கத்தாழை என்றோம்.

பக்கத்து ஊரில் தறி போட்டிருந்த பலவேசம் அதைப் பார்க்க வந்தான். மலையம்மாள் அவன் தறிக்குத்தான் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவது. இழை அறுந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முடிய வேண்டும்.

"கத்தாழை வாங்கவா பெங்களூர் போனாரு? ரயில் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அதுதான கெடக்கு" என்றான்.

"இது கலப்புச் சாதியாம்."

"கலப்பா? அப்ப நம்ம ஊர்ல அதுக்குத் தண்ணி குடுக்க மாட்டாகளே."

"மொதலாளியும் தண்ணி குடுக்காதன்னுதான் சொல்லுறாரு" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் வீட்டுக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

அதை வளர்ப்பது சும்மா இல்லை. ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கரி, கொஞ்சம் மக்கின சாணி கலந்து மேடு கட்டி, மேட்டின் உச்சியில் வைத்தோம். வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். குருத்துக்குள் தண்ணீர் விழுந்தாலும் அழுகும். சித்திரை வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும் என்று தென்னங்கீற்றை நட்டு நிழல் காட்டினேன். மாவுப்பூச்சியைத் துணியால் துடைக்காமல் பஞ்சால் ஒற்ற வேண்டும். கத்தாழை இலையில் நகம் பட்டால்கூட அந்தத் தழும்பு இலை காய்கிறவரை போகாது. முதலாளி அதை மே மாதம் கொடைக்கானல் மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தார். பஜாரில் சிரித்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். காலையில் கடைக்குப் போகும் முன் அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலை இலையாகப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் நல்ல முகமாக இருக்கும்.

மற்ற நேரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவர் மனைவி ஜெபராணி அம்மா போடியில் பிறந்தவர். பள்ளிக்கூடம் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர வெளியே போகமாட்டார். அவர் வீட்டுக்குள் வழுக்கி விழுந்தார், கதவில் இடித்துக்கொண்டார் என்று அடிக்கடி கேள்விப்படுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு எப்படி விழுந்தார் என்று கேட்கும். ஒரு முறை கன்னம் வீங்கி, ராட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போது எங்கள் அறை ஓரத்தில் சோத்துக் கத்தாழை நாலைந்து தூர் இருந்தது. மலையம்மாள் ஒரு மடலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை ஏழு தண்ணியில் கழுவி, கன்னத்தில் வைத்துக் கட்டினாள். ஏழு தண்ணி என்றால் ஒவ்வொரு முறையும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அப்போதுதான் கசப்பும் அரிப்பும் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"குளுந்து கெடக்கு மலையம்மா" என்றாராம்.

"கண்ணு காந்தலுக்கும் இதான்மா. சூடு பூரா இழுத்துரும்."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு சேர்த்தி. நாங்கள் கூலி கிடைக்காமல் கிடந்த வாரங்களில் அந்த அம்மா கஞ்சிக்குக் குறை வைத்ததில்லை.

எண்பத்து மூன்று. மழை பெய்யாத இரண்டாவது வருஷம். அணையில் சேறு வெடித்துக் கிடந்தது. குடிக்கிற தண்ணீருக்கு நான் சைக்கிளில் குடம் கட்டி ஆண்டிபட்டிக் குழாய்க்குப் போய் வரிசையில் நிற்பேன். சோத்துக் கத்தாழையை ஆடு தின்றது போக மிச்சத்தை ஊரார் பிடுங்கிப் போனார்கள். அந்த மாசியில் தறிக்காரர்கள் தெருவில் கண்நோய் பரவியது. மலையம்மாளுக்கும் ஒட்டிக்கொண்டது. கண் சிவந்து, காலையில் இமை ஒட்டி, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். எல்லாருக்கும் வந்து போகிற நோய்தான். பலவேசத்துக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் இழை தெரியாததால் அவளால் தார் சுற்ற முடியவில்லை.

நான் தண்ணீருக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் ஜெபராணி அம்மா பின்பக்கம் வந்திருக்கிறார். அவள் முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள்.

"கத்தாழை வச்சுக் கட்டேன். எனக்குக் கட்டுனியே."

"கத்தாழைக்கு எங்கனம்மா போக? வேர்கூட இல்ல."

அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முன்பக்கம் போனார். வரும்போது கையில் பெங்களூர்க் கத்தாழையின் அடி இலை ஒன்று.

மலையம்மாள் பதறிப்போனாள். "ஐயோ, என்னம்மா இது! மொதலாளி கொன்னு போட்டுருவாக."

"அடியில காயப்போற எல. கல்லை எடுத்து மறச்சு வச்சிருக்கேன். நாட்டுக் கத்தாழையே இப்படிக் கேக்கும்போது இது எம்புட்டுக் கேக்கும். நீ எனக்குச் செஞ்சத நான் செய்யக் கூடாதா?"

இலையைச் சீவினால் உள்ளே சோறு இருந்தது. ஆனால் வழவழப்புக் குறைவு, நார் அதிகம். "நாரா இருக்கேம்மா" என்று கேட்டதற்கு, "ஒசந்த சாதி அப்படித்தான் இருக்கும்" என்றிருக்கிறார். ஏழு தண்ணிக்கு வீட்டில் தண்ணீர் இல்லை. நான் வந்தால்தான் உண்டு. இருந்த ஒரு சட்டித் தண்ணீரிலேயே முக்கி முக்கி ஏழு முறை அலசினாள். பிறகு இரண்டு கண்ணிலும் வைத்து, ஜெபராணி அம்மா கிழித்துக் கொடுத்த பழைய துணியால் கட்டிக்கொண்டு படுத்தாள்.

நான் குடத்தோடு வந்தபோது அவள் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தரையில் உருண்டுகொண்டிருந்தாள். ஜெபராணி அம்மா சுவரோடு சுவராக நின்றார். "எரியுது, ஊசி ஊசியாக் குத்துது" என்று அவள் கத்தினாள். கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றினேன். பலவேசத்தின் மருமகள் கைப்பிள்ளைக்காரி. ஓடிவந்து கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சினாள். சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் மூடிப்போய், முகம் எங்கள் வீட்டுப் பானை அளவுக்கு வீங்கிவிட்டது. விடிந்ததும் பலவேசம் எங்களை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

"கத்தாழை வச்சா கண்ணு போனவுகள நான் பாத்ததே இல்லையே" என்று பஸ் நகர்கிறவரை சொல்லிக்கொண்டே நின்றான்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயசில் சின்னவர். பொறுமையானவர். இமையைப் பிரித்து விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா போட்டீங்க?"

"சோத்துக் கத்தாழங்க" என்றாள் மலையம்மாள்.

நான், "இல்லங்கய்யா, பெங்களூர்க் கத்தாழை" என்றேன்.

"அப்படின்னா?"

"முள்ளு இல்லாததுங்க."

"சோத்துக் கத்தாழைக்கும் பெருசா முள்ளு இல்லையே?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவள் குறுக்கே விழுந்தாள். "கல்லுச் சொமக்குற ஆளு. வேலி ஓரத்துல கெடந்த சோத்துக் கத்தாழதான். நான்தான அறுத்தேன்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சோத்துக் கத்தாழைன்னா, கழுவுன தண்ணியில இருந்த அழுக்கு கண்ணுல போயிருக்கணும். கிருமி. அதுக்கு ஒரு மருந்து. வேற ஏதாவது செடிப் பால்னா அதுக்கு வேற மருந்து, வீக்கத்தை அமுக்குறது. அந்த மருந்தைக் கிருமி இருக்கிற கண்ணுல விட்டா கண்ணே போயிரும். அதனால எனக்குச் சரியாத் தெரியணும். ரெண்டு பேரும் பேசி ஒண்ணாச் சொல்லுங்க. இல்ல, அந்த இலையைக் கொண்டுவாங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் அவள் காதில் கத்தாத குறையாகக் கேட்டேன்.

"ஏ புள்ள, ஏன் பொய் சொல்லுற? கண்ணு ஒனக்குத்தான போகுது?"

"எங்கன சுத்தியும் அது மொதலாளி காதுக்குப் போகும்."

"போனாப் போகட்டும்."

"ஒனக்கென்ன. அந்தம்மா கையால ஒடிச்சுக் குடுத்தாக. அவுகளுக்குத்தான அடி விழும். போன தடவ பல்லு ஆடிப்போச்சு தெரியும்ல? பொம்பளைக்கு மறுபடி மொளைக்குமா பல்லு?"

"கண்ணு மொளைக்குமா?"

என் பேச்சு டாக்டரிடம் எடுபடாது. இலையைக் காட்டினால்தான் எடுபடும். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கணவாய் ஏறும்போது பஸ் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் போனபோது முதலாளி கடைக்குப் போகாமல் கத்தாழை மேட்டுப் பக்கம் நின்றார். மறைத்து வைத்த கல் விலகிக் கிடந்தது. இலை ஒடிந்த இடம் பழுப்பேறியிருந்தது.

"ஏலே முத்துவீரா, ஒம் பொண்டாட்டிக்கு வேற கத்தாழையே கெடைக்கலையா? ஊர்ல அம்புட்டுக் கத்தாழை இருக்கும்போது, கண்காட்சிக்கு வச்சிருக்கத கள்ளத்தனமா ஒடிக்கிறா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜெபராணி அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். முகத்தில் புதுக் காயம் எதுவும் இல்லை.

"அவ ஒடிக்கல மொதலாளி" என்றேன்.

"பின்ன யாரு? இவ பாத்துருக்கா. மலையம்மாதான் வெளிச்சம் வர்றதுக்கு முன்னால வந்து ஒடிச்சான்னு இவளே சொல்லுறா."

நான் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்திருப்பேன். ஆனால் மலையம்மாள் அங்கே கண்ணைக் கொடுத்து மூடி வைத்திருக்கிற விஷயத்தை இங்கே நான் எப்படித் திறப்பது?

"மொதலாளி, இன்னொரு எல வேணும். டாக்டரு கேக்குறாரு. என்ன செடின்னு தெரிஞ்சாத்தான் மருந்து விடுவாராம்."

"திருடுனது போதாதுன்னு கேட்டு வேற வந்துருக்கியா? அழகுக்கு வளக்குற செடிடா இது. இதுல என்ன வெசம் இருக்கும்? ஒம் பொண்டாட்டி சாக்கடைத் தண்ணியில கழுவியிருப்பா. ரயில் ரோட்டுல கெடக்கு பாரு, அத அறுத்துக் கொண்டுபோய்க் காட்டு."

"அது இதில்லையே மொதலாளி."

"எனக்கு இந்த ஒரு செடிதான்டா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. குனிந்து, நான் பஞ்சால் ஒற்றி ஒற்றி வளர்த்த இலைகளில் ஒன்றை அடியோடு பிடித்து முறுக்கினேன். அது சுலபமாக ஒடியவில்லை. இன்னொரு தரம் முறுக்கினேன். சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்தது. அவர் மண்வெட்டிக் காம்பால் முதுகில் அடித்தார். வாங்கிக்கொண்டேன். இலையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். "இனிமே இந்தப் பக்கம் வந்த, போலீஸ்தான்" என்பது பின்னாலேயே வந்தது.

பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் கை அரிக்கத் தொடங்கியது. மதுரை வரும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, அரிசி அரிசியாகக் கொப்புளம். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அம்மை என்று நினைத்திருப்பார்.

டாக்டர் துண்டைப் பிரிக்கவே இல்லை. என் கையைத்தான் பிடித்துப் பார்த்தார்.

"இதுவாய்யா அந்தக் கத்தாழை? இந்தச் சாறா கண்ணுல போச்சு?"

"ஆமாங்க."

"சோத்துக் கத்தாழைன்னு சொன்னாங்களே அந்தம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். கண்ணைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். முன்னாடியே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து டாக்டர் அதை முடிக்கவில்லை.

மலையம்மாள் கட்டோடு மல்லாந்து கிடந்தாள். என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"போயிட்டு வந்துட்டியா? அந்தம்மாவ அடிச்சாரா?"

சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"அடிக்கல. நீதான் திருடி ஒடிச்சேன்னு அவுகளே சொல்லிட்டாக. நேர்ல பாத்ததாச் சொன்னாகளாம்."

பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"அப்ப அடி விழல" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்னங்குற. அன்னைக்கு நல்லதுன்னுதான ஒடிச்சுக் குடுத்தாக." அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். "போய்யா அங்கிட்டு" என்றாள்.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டார். வலது கண் சோழி மாதிரி வெள்ளையாக இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் அசைவதும் தெரிந்தது. விரல் தெரியவில்லை. "மூணு" என்றாள். டாக்டர் விரலையே காட்டவில்லை, கையை மூடித்தான் வைத்திருந்தார். போகப் போகக் கொஞ்சம் தெளியலாம் என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். தெளியவில்லை. இழை எதுவும் அவள் கண்ணுக்குத் திரும்ப வரவே இல்லை.

எங்கள் பானை சட்டியை முதலாளி வெளியே போட்டுவிட்டதாகப் பலவேசம் வந்து சொன்னான். ராட்டையைத் தன் வீட்டில் வைத்திருக்கிறானாம். "வேணும்னா கேளு" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சின்னமனூரில் அவள் தம்பி கர்ணன் வாழைத்தோப்பில் வேலை பார்த்தான். அங்கே போவது என்று முடிவு செய்தோம்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எங்கே போனாலும் போர்டைப் படித்து வண்டியைக் காட்டுகிறவள் அவள்தான். நான் மூட்டையோடு பின்னாலேயே போய் ஏறுவேன்.

"போர்டுல என்ன போட்டுருக்கு?" என்றாள்.

"தெரியல."

"ஆளுககிட்டக் கேளு."

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், "அண்ணே, இது எங்க போற வண்டி?" என்று கேட்டேன். அவனுக்கு என்ன எரிச்சலோ. "இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டுருக்குல்ல? கண்ணு தெரியலையா?" என்றான்.

மலையம்மாள் முகத்தை அவன் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியலய்யா" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கம்பம் வண்டி. சின்னமனூர் நிக்கும். ஏறுங்க" என்றான். நான் அவள் கையைப் படிக்கம்பியில் வைத்தேன்.